பூந்தெருவில் தராசு

கிட்ட வந்து இருங்கோ. இன்னும் கொஞ்சம் கிட்ட. தூர நின்று கேட்கிறவனுக்கு இந்தக் கதை பொய்யாகப்படும். முழங்கால் முட்டக் கிட்ட இருந்து கேட்கிறவனுக்குத்தான் நேற்று முன்தெருவில் நடந்த காரியம் மாதிரி விளங்கும்.

சிசிலித் தீவிலே, பலெர்மோவில் பஸ் ஏறினால், மலையைச் சுற்றிச் சுற்றி, வயிற்றைப் பிரட்டி, இனி மேலே வானம்தான் என்கிற இடத்திலே இறக்கிவிடுவான். அந்த ஊருக்குப் பெத்திராலூனா என்று பேர். அங்கே பெரிய தெரு என்று இருப்பது ஒன்றுதான். தெருவின் தலைமாட்டிலே அந்தோனியார் கோயில், கால்மாட்டிலே தொன் கலோஜெரோவின் மாவு ஆலையும் கோதுமைக் களஞ்சியமும். தொன் என்பது அந்த ஊரில் முதலாளிமாருக்குக் கொடுக்கிற மரியாதை. ஆனி மாதம் அந்தோனியார் பெருநாள் வந்தால், கோயிலுக்கும் ஆலைக்கும் நடுவிலே தெருவைக் கண்ணால் காண ஏலாது. அவ்வளவும் பூ.

பூ என்றால் மாலை கட்டின பூ இல்லை, இதழ் இதழாய்ப் பிய்த்த பூ. பெண்கள் எல்லாரும் வைன் வைக்கிற குளிர்ந்த நிலவறைகளிலே வட்டமாக இருந்து, றோசாவையும் மலைச்சரிவில் காடாய்ப் பூக்கிற மஞ்சள் பூவையும் பிய்த்துக் கூடை கூடையாய்க் குவிக்க, ஆம்பிளையள் தெருக்கல்லிலே சோக்கட்டியால் படம் கீற, விடியும்போது ஊரே குனிந்து, கோட்டுக்குள்ளே இதழை நிரப்பிக்கொண்டு மேலிருந்து கீழே வரும். பச்சைக்குப் பெருஞ்சீரகத் தழை, கறுப்புக்குக் கோப்பிச் சக்கை. வெயில் ஏறும்போது தெரு முழுக்க மயிலும் மாதாவும் மீனும் மணிக்கூண்டுமாய்க் கிடக்கும்.

அந்தப் பூக் கம்பளத்துக்கு ஒரு முறை இருந்தது. முதல் கால் நற்கருணை ஏந்தின பாதரின் கால். அதற்குப் பிறகு, ஊர் இளந்தாரிமார் தோளிலே அந்தோனியாரின் சுருவம், அதாவது சிலை. அதற்குப் பிறகு, தெரு நடுவிலே தராசு வைத்து நேர்த்திப் பிள்ளையை நிறுக்கிறது. கடைசியாய்ப் பின்னேரம், சின்னன்கள் எல்லாம் கோயில் படியிலிருந்து கூக்காட்டிக்கொண்டு ஓடிவந்து கம்பளத்தைக் காலாலே குலைக்கிறது. கையால் குலைக்கக்கூடாது, விளக்குமாறு படக்கூடாது, கால்தான். குலைத்தால் மணி அடிக்கும். மணி அடித்தால்தான் பெருநாள் முடியும். பெருநாள் முடிந்தால்தான் மலைச்சரிவிலே முற்றிக் கிடக்கிற கோதுமையில் வெட்டுமிசின் இறங்கலாம். அப்படித்தான் அங்கே காலங்காலமாய்.

நிறுக்கிற கதையையும் சொல்லவேணும். அந்தோனியார் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளை எவ்வளவு பாரமோ அவ்வளவு கோதுமையைப் பாணாய்ச் சுட்டு ஏழை எளியதுக்குக் கொடுக்கவேணும். அந்தக் கோதுமையைக் கொட்டுவது தொன் கலோஜெரோ வீட்டார். அவருடைய பூட்டன் தன் பிள்ளை பிழைத்த சந்தோஷத்திலே ஊருக்கு முன்னாலே வாய்விட்டுச் சொன்ன சொல் அது. பூட்டனுக்கு வாய் பெரிது, பூட்டப்பிள்ளைக்குக் கை சின்னது. ஆனாலும் தாய்மார் பிள்ளை பிறந்த அதே வருஷமே கொண்டு வந்துவிடுவார்கள், ஒரு வாளிக் கோதுமையோடு காரியம் முடிந்துவிடும், தொன் கலோஜெரோவும் சிரித்த முகத்தோடு நிற்பார்.

கொறற்றி மட்டும் கொண்டுவரவில்லை.

கொறற்றி யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. புருஷன் சவிரிமுத்து தொன் கலோஜெரோவின் ஆலையிலே மூட்டை சுமக்கிறவன். பாசையூரிலும் அந்தோனியார், பெத்திராலூனாவிலும் அந்தோனியார். ஆகவே இடம் மாறினாலும் முறையிடுகிற ஆள் மாறவில்லை என்று கொறற்றி நிம்மதியாகத்தான் இருந்தாள், பிள்ளை ஏழாம் மாதத்திலே பிறக்கும்வரை. பிறந்த பிள்ளையை ஒரு தாதி கையிலே ஏந்திப் பார்த்துவிட்டு, "இது ஒரு றாத்தல் பாணுக்கும் காணாது, இப்போதைக்குப் பேர் வைக்காதை" என்றாள். கொறற்றி அந்த நிமிஷமே அந்தோனியாருக்கு நேர்ந்து பேர் வைத்தாள், அன்ரனிற்றா என்று. அன்ரனிற்றா சுருங்கி நீற்றாவானாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பழக்கம், நித்திரையிலே மூச்சு விட மறந்துபோகும். கொறற்றி பக்கத்திலே படுத்து, உதட்டைக் குவித்து, நெற்றியிலே மெல்ல ஒரு ஊது ஊதுவாள். பிள்ளை திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். அப்படி ஊதி ஊதி வளர்த்த பிள்ளை.

பிழைத்த வருஷமே நிறுத்திருக்கலாம். கொறற்றிக்கு மனம் வரவில்லை. "இப்ப நிறுத்தால் ஒரு பாணின்ரை நிறைதான் காட்டும். தட்டு டொம் எண்டு நிலத்திலை இடிக்கோணும். அந்தத் தாதிக்குக் கேக்கோணும்" என்று சொல்லிப்போட்டு, புட்டும் வாழைப்பழமும், பருப்பும் நெய்யும், பக்கத்து வெதுப்பகத்து றொசாரியா மாமி எண்ணெயிலே தோய்த்துத் தருகிற பாணுமாய்த் தீத்தத் தொடங்கினாள். மூன்று வருஷம் தீத்தினாள்.

"உமக்கு விசர்," என்றான் சவிரிமுத்து. "நேர்த்தியை இழுத்துக்கொண்டு போகக்கூடாது. குடுக்குமட்டும் பிள்ளை இரவல் பிள்ளைதான்."

அந்தச் சொல் கொறற்றியின் நெஞ்சிலே முள்ளாய்க் குத்தினது உண்மை. ஆனாலும் பிள்ளையின் தொடையைப் பிடித்துக் காட்டி, "இஞ்சேருங்கோ, இது காலோ வாழைக்குத்தியோ? இந்த வருஷம் குடுத்திடுவம்" என்றாள்.

அந்த வருஷம்தான் அது நடந்தது.

பாதர் கஸ்பாரே நற்கருணையை ஏந்திக்கொண்டு கோயில் படியால் இறங்கி முதல் காலைப் பூவிலே வைத்தார். இதழ் ஒன்றும் நசியவில்லை. இரண்டாம் காலை வைத்தார். மயிலின் கண் கலையவில்லை. பறந்தார் என்று நான் சொல்லவில்லை. கால் பூவைத் தொட்டது, அமத்தவில்லை, அவ்வளவுதான். அவருக்கு இடுப்புப் பிடிப்பு. அது விட்டதைத்தான் முதலிலே கவனித்தார், அதுவும் நன்மைக்கென்று நடந்தார். பின்னாலே சுருவம் காவிக்கொண்டு வந்த இளந்தாரிமார், கம்பளத்திலே கால் வைத்ததும் ஒருவரை ஒருவர் முழித்துப் பார்த்தார்கள். தோளிலே பாரம் இல்லை. அவர்களுடைய தலைவன் தூரி, வருஷம் வருஷமாய்க் காவினதாலே தோளிலே எலுமிச்சம்பழம் அளவு காய்ப்பு ஏறினவன், காவுதடியை ஒரு விரலாலே தூக்கிப் பார்த்துவிட்டு, "அந்தோனியாரே, உம்மை நான் சும்மா காவுறதோ?" என்று விம்மி அழுதான். பூவின்மேல் நின்ற எதற்கும் பாரம் இல்லை. ஊர்ச் சனம் குருசு போட்டது, பிறகு தராசைப் பார்க்க வந்தது. பெருநாள் அல்லவா, அடுத்த காரியம் அடுத்ததாய் நடக்கத்தானே வேணும்.

றொசாரியா மாமியின் வெதுப்பகத்துக்கு முன்னாலே, பூவின் நடுவிலே, முக்காலியிலே பெரிய மரத்தராசு தொங்கிக்கொண்டிருந்தது. கொறற்றி கூறைச்சேலை உடுத்தி வந்தாள். நீற்றாவைத் தூக்கித் தட்டிலே வைத்தாள், வைத்துவிட்டுக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள்.

தட்டு அசையவில்லை. பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு ஆகாயத்திலே இருக்கிற மாதிரி இருந்தது.

தொன் கலோஜெரோ மற்றத் தட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். சாக்கிலே கையை விட்டு, ஒரே ஒரு மணிக் கோதுமையை இரண்டு விரலாலே எடுத்து, மற்றத் தட்டிலே வைத்தார்.

"சரிக்குச் சரி!" என்றார். "கண்டியளோ? ஒரு மணி. நேர்த்தி நிறைவேறிச்சு. அந்தோனியாருக்கு ஸ்தோத்திரம்."

சனம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. கொறற்றியின் காதுக்குள்ளே மூன்று வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருந்த டொம் என்கிற சத்தம் அந்தச் சிரிப்பிலே காணாமல் போனது. அவள் பிள்ளையை அள்ளி இடுப்பிலே வைத்தாள்; இடுப்புக்கும் பாரம் தெரியவில்லை. அதுதான் அவளைக் கூடுதலாய்ச் சுட்டது.

"என்ரை பிள்ளை ஒரு மணிக் கோதுமையோ?" என்றாள். "இது நிறுவை இல்லை. நான் ஒத்துக்கொள்ளமாட்டன்."

பின்னேரம் சின்னன்கள் கூக்காட்டிக்கொண்டு ஓடி வந்தன. குதித்தன, உருண்டன, புரண்டன. மாதாவின் முக்காட்டிலே ஒரு மடிப்புக் குலையவில்லை. கம்பளம் குலையாதபடியால் மணி அடிக்கவில்லை. மணி அடிக்காதபடியால் பெருநாள் முடியவில்லை. அடுத்த நாள் விடிந்தபோதும் பெருநாளாகவே விடிந்தது.

ஊர் அதற்குப் பழகின விதத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பியள். முழங்கால் வாதத்தாலே வருஷக்கணக்காய்க் கதிரையை விட்டு எழும்பாத றொசாரியா மாமி, பீப்பா உடம்புக்காரி, தெருவிலே இறங்கின உடனே குமர்ப்பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டு கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் சொல்லப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். கடைசியிலே பாதர், "மாமி, காலமை சொன்ன பாவத்தையே திருப்பிச் சொல்லுறியள்" என்று சலித்துக்கொள்ள, "புதுசு செய்ய நேரம் எங்கை பாதர், நடந்து திரியவே நேரம் காணாது" என்றாள். பாட்டன் காலத்து அலுமாரியை மேல்வீட்டுக்குக் கொண்டுபோகவேணும் என்று வருஷக்கணக்காய்ச் சண்டை பிடித்த புருஷன் பெண்சாதிமார், அதை ஒரு கையாலே தூக்கிக்கொண்டு போய், மேலே வைத்துப் பார்த்து, கீழேதான் வடிவு என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். இறைச்சிக்கடைக்காரன் தராசைத் தெருவிலே வைத்திருந்தபடியால், நிறையில்லாத இறைச்சிக்கு விலை என்ன விலை என்று பெண்கள் கேட்க, அவன் தராசைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடினான். மணி அடிக்கும்வரை வாசிக்கிறதென்று பேசி வந்த பாண்ட் வாத்தியக்காரர், தெரிந்த பாட்டெல்லாம் முடிந்துபோக, சவிரிமுத்து முணுமுணுத்த பாசையூர்ப் பெருநாள் பாட்டைப் பிடித்துக்கொண்டு ஊதினார்கள்; ஊர்ப் பிள்ளைகள் பொருள் தெரியாமலே அதைத் தமிழிலே பாடித் திரிந்தன. இதழ் வாடவில்லை. காற்றும் அந்த நாட்களிலே மலை ஏறி வராமல் கடலிலேயே நின்றுவிட்டது. தூரி மட்டும் காற்சட்டைப் பை நிறையக் கல்லைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் நடந்து பார்த்தான்; கல்லுக்கும் பாரம் வரவில்லை.

சனம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷம் இல்லாதவர்கள் இரண்டே பேர். ஒன்று கொறற்றி. பிள்ளை நித்திரை கொள்ளும்போது, இரவல் பிள்ளை என்ற சொல் வந்து தலைமாட்டிலே குந்திக்கொள்ளும். அவள் தேவையில்லாமலே நெற்றியிலே ஊதிப் பார்ப்பாள். மற்றது தொன் கலோஜெரோ. மலைச்சரிவிலே கோதுமை பொன்னாய்ப் பழுத்து, கதிர் தலை சாய்ந்து, மணி உதிரத் தொடங்கிவிட்டது. வெட்ட ஏலாது, பெருநாள்.

அவர் பாதரிடம் ஓடினார். பாதர் சொன்னார்: "ரெண்டு காரியம் மிச்சம் கிடக்கு. கம்பளம் குலையேல்லை, நேர்த்தி முடியேல்லை. கம்பளம் கடவுளின்ரை பாடு. நேர்த்தி அந்தப் பிள்ளையின்ரை தாயின்ரை வாயிலை கிடக்கு. அதையாவது முடிச்சுக்கொண்டு வாரும், மற்றதை யோசிப்பம்."

தொன் கலோஜெரோ கொறற்றியின் வாசலுக்கு வந்தார். சவிரிமுத்து முதலாளியைக் கண்டு துவாயைத் தோளிலிருந்து எடுத்தான்.

"பிள்ளை, போதும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு," என்றார்.

"தராசு சொல்லட்டும், நான் சொல்லுறன்," என்றாள் கொறற்றி.

"தராசு அசையாது!"

"அசையாது எண்டு தெரிஞ்சால் உங்களுக்கு என்ன பயம் முதலாளி? அசையுமட்டும் கொட்டுவம். அசையிற நேரம் தட்டிலை என்ன கிடக்குதோ அது பாணுக்கு. அசையாட்டி அவ்வளவும் உங்கடை களஞ்சியத்துக்கே திரும்பிப் போகட்டும், நானும் ஒரு மணியோடை ஒத்துக்கொள்ளுறன்."

தொன் கலோஜெரோ கண்ணைச் சுருக்கி யோசித்தார். பாரமில்லாத இடத்திலே மலையையே கொட்டினாலும் தராசு எப்படி அசையும்? அவர் வெளியே போய், சுருவத்துக்கு முன்னாலே, ஊர் பார்க்க, நெஞ்சிலே கையை வைத்து, பூட்டன் மாதிரியே வாய் நிறையச் சத்தியம் பண்ணினார்: "அசையிற நேரம் தட்டிலை கிடக்கிறது அவ்வளவும் பாணுக்கு. களஞ்சியம் திறந்து கிடக்கு, அள்ளுங்கோ."

"முதலாளியோடை சண்டைக்குக் கொழுவாதையும்," என்று சவிரிமுத்து காதுக்குள்ளே சொன்னான்.

"கொழுவேல்லை. நிறுக்கிறன்," என்றாள் கொறற்றி. நீற்றாவைத் தட்டிலே இருத்தி, கையிலே ஒரு துண்டுப் பாணையும் கொடுத்தாள்.

அன்றைக்கு அள்ளின அள்ளல் இருக்கிறதே. களஞ்சியம் தெருவின் அடியிலேதானே. வாசலிலே பூவைத் தொட்ட உடனே மூட்டைக்குப் பாரம் இல்லை. சவிரிமுத்துவின் முதுகை வருஷக்கணக்காய் வளைத்த மூட்டைகளைச் சின்னன்கள் தலையணை மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். றொசாரியா மாமி கக்கத்துக்கு ஒன்றாய்க் கொண்டுவந்தாள். தூரியும் அழுகையை விட்டுவிட்டு வந்தான். மூட்டைக்கு மேலே மூட்டை, மேலே மூட்டை, பாரமில்லாத மூட்டை சரிய நியாயம் இல்லை, தட்டிலே கோபுரமாய் எழும்பி, முதலாம் மாடி ஜன்னலைத் தாண்டி, அங்கே உடுப்புக் காயப்போட்டிருந்த கொடியிலே முட்டி நின்றது. விலை ஏறட்டும் என்று தொன் கலோஜெரோ பூட்டி வைத்திருந்த பழைய கோதுமை முழுக்க, அடிமூலையில் எலி கடித்த சாக்கு வரைக்கும் வந்துவிட்டது. தராசு நூல் பிசகாமல் நேராய் நின்றது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாண் சப்பிக்கொண்டு ஒரு பிள்ளை.

"முடிஞ்சுதோ?" என்றார் தொன் கலோஜெரோ, கையைத் தட்டிக்கொண்டு. "இனித் திருப்பிக் கொண்டுபோங்கோ. ஒரு மணியை மட்டும் விட்டிட்டு."

கொறற்றி தராசுக்குக் கிட்ட வந்தாள். நீற்றா இருந்த தட்டுக்குக் கீழே கூறைச்சேலை கசங்க முழங்காலிலே இருந்தாள். அந்த இடத்திலே நீல இதழாலே கீறின ஒரு மீன் கிடந்தது. காலாலே குலையாத கம்பளம், கையாலே தொடக்கூடாத கம்பளம். வாயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அவள் உதட்டைக் குவித்தாள். மூச்சு மறந்த பிள்ளையின் நெற்றியிலே எப்படி ஊதினாளோ, அப்படியே மெல்ல ஊதினாள்.

மீனின் செதில் ஒன்று சிலிர்த்தது. இன்னொன்று. பிறகு மீன் முழுக்க எழும்பி, பக்கத்து மயிலின்மேல் போய் விழுந்தது. அடியிலே தெருக்கல்லு, கறுப்பாய், வெறுமையாய், தட்டு அளவுக்கு.

டொம்!

அந்தச் சத்தத்துக்குப் புறாக்கள் எழும்பின, பாண்ட்காரன் வாசித்த பாட்டை விட்டான், தொட்டில்களிலே பிள்ளைகள் முழித்தன. கீழ்நகரத்திலே பென்ஷன் எடுத்துக்கொண்டு இருந்த ஒரு தாதி, இடி இடிக்குது என்று காயப்போட்ட உடுப்பை அள்ளினாள் என்று பிறகு ஆட்கள் சொன்னார்கள். நீற்றாவின் தட்டு கல்லிலே குந்தி இருந்தது. மறுபக்கத்திலே, தொன் கலோஜெரோவின் களஞ்சியம் அவ்வளவும், கோபுரமாய், உடுப்புக்கொடியையும் தூக்கிக்கொண்டு, மேலே போய் நின்றது.

"அசைஞ்சுது!" என்றாள் றொசாரியா மாமி. "ஊர் முழுக்கச் சாட்சி. இந்தக் குண்டுப்பெட்டை களஞ்சியத்தை விடப் பாரம்! எடேய், அடுப்பை மூட்டுங்கோ!"

கொறற்றி எழும்பிப் பிள்ளையைத் தூக்கி, கல்லிலே நின்ற புருஷனின் கையிலே கொடுத்தாள். "அம்மோய்!" என்று சவிரிமுத்து ஒரு அடி பின்னுக்குப் போனான். மூட்டை சுமந்த மனிசன் பிள்ளையைச் சுமக்கேலாமல் வியர்த்தான், வியர்த்துக்கொண்டு சிரித்தான். "இரவல் இல்லை. எங்கடை," என்றாள் கொறற்றி. "முதலாளி என்னை வேலையாலை கலைச்சுப்போடுவார்," என்றான் அவன். "வெறுங் களஞ்சியத்தைத் திருப்பி நிரப்ப ஆள் வேண்டாமோ, மடையா?" என்றாள் மாமி.

அதைப் பார்த்த சின்னன்கள் சும்மா இருப்பார்களோ? கோயில் படியிலிருந்து வயிற்றிலே படுத்துக்கொண்டு ஊதத் தொடங்கினார்கள். பெரியாட்களும் படுத்தார்கள். மயில் பறந்தது, மாதா பறந்தாள், ஜன்னலுக்குள்ளும் கோப்பிக் கோப்பைக்குள்ளும் இதழ் விழுந்தது. மேலே பாதர் மணிக்கயிற்றைப் பிடித்தார். சுருவம் மறுபடி பாரமாகித் தூரியின் தோளை அமத்த, அவன் கல்யாணமாப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்தான்.

தொன் கலோஜெரோவும் மண்டு இல்லை. கோதுமைத் தட்டுக்குக் கீழே இன்னும் பூ கிடக்குது, அதனாலேதான் மூட்டைகளுக்குப் பாரம் இல்லை, அதனாலேதான் சின்னன்கள் அதை இறகு மாதிரி வெதுப்பகத்துக்குக் காவப்போகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். பூவை ஊதிப்போட்டால் மலை தெருவிலே பாரமாய்க் குந்திவிடும். பிறகு பார்ப்போம் ஆர் தூக்குகிறது என்று. கோட்டைக் கழற்றினார், கோபுரத்துக்குக் கீழே ஊர்ந்து போய்க் குப்புறப் படுத்தார், கன்னத்தை உப்பினார்.

கொறற்றி நடந்து போனாள். அந்தக் கடைசித் துண்டுப் பூவின்மேல், ஒரு இதழும் நசியாமல், சம்மணம் கட்டி இருந்தாள். கூறைச்சேலையின் முந்தானையைச் சுற்றிவர விரித்து, ஓரத்தைக் காலுக்குக் கீழே செருகி, முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முகத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"ஊதுங்கோ முதலாளி, நல்லாய் ஊதுங்கோ," என்றாள். "எனக்கும் புழுக்கமாய்த்தான் கிடக்கு."